நடுவர் காணாத அடி

சீமையில் என்னைப் பற்றிக் கடைசியாகச் சொல்லப்பட்டது, நான் பொய்யன் என்பது. சொன்னவர் எங்கள் அணித்தலைவர். ஐந்தாறு வருடம் என்னைத் தன்னோடு நாடு நாடாகக் கூட்டிக்கொண்டு போய், சாப்பாட்டு மேசையில் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தவர். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்திவிட்டு மறந்திருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார். அதனால்தான் அது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

நான் வாள் பந்தயக்காரன். நாஞ்சில் நாட்டில் இதைச் சொன்னால் எந்த ராஜாவின் படையில் என்று கேட்பார்கள். படையெல்லாம் கிடையாது. சேபர் என்று ஒரு மெல்லிய வாள் உண்டு. கூர் இல்லாதது, முனை மழுங்கியது. முகத்துக்குக் கம்பிவலை மூடி, உடம்புக்குத் தடித்த கித்தான் கோட்டு. நீளமான ஒரு விரிப்பில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மோதுவார்கள். இடுப்புக்கு மேலே தலையிலோ கையிலோ மார்பிலோ வாள் பட்டால் அது ஓர் அடி. முதலில் ஐந்து அடி அடித்தவன் வென்றான். விஷயம் இவ்வளவுதான். இதற்காகவே நான் கப்பலேறினேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அப்பா போதகர். வயல்களுக்கு நடுவே ஓடு போட்ட சின்ன ஆலயம், அதை ஒட்டி எங்கள் வீடு. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் வாசல் வரைக்கும் தவளைச் சத்தம் வரும். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்கால ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, அன்றைக்குச் செய்த தப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள். நீ செய்ததை நான் பார்த்தேன் என்று யாரும் காட்டிக்கொடுக்கவும் கூடாது. அவரவராகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் அப்பா ஒன்றும் பேசாமல் தலையை ஒருமுறை அசைப்பார். அதோடு தீர்ந்தது, சோறு வந்துவிடும். சொல்லாமல் உட்கார்ந்தவனுக்கும் சோறு வரும், ஆனால் அது தொண்டையில் இறங்காது. அந்த வீட்டில்தான் நான் வளர்ந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் மிஷன்காரர்கள் என்னைக் கணிதம் படிக்க லண்டனுக்கு அனுப்பினார்கள். படித்து வந்து அவர்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக வேண்டும் என்பது ஏற்பாடு. போன முதல் குளிர்காலத்திலேயே எனக்கு உயிர் போய்விட்டது. கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டும் சுவரோரக் குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது, உள்ளே கதகதப்பாக இருக்கும் என்று கேள்விப்பட்டு அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். சும்மா உட்கார்ந்திருக்க விடவில்லை. கையில் ஒரு வாளைக் கொடுத்தார்கள். வீரத்தில் ஆசைப்பட்டு வந்தேன் என்று பின்னாளில் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னதுண்டு. குளிருக்குப் பயந்துதான் போனேன்.

கை நீளம், கால் வேகம். இரண்டே வருடத்தில் கல்லூரி அணியில் இருந்தேன். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. ஊருக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்டேன். மிஷனும் பொறுத்துக்கொண்டது. அதன் பிறகு பெல்ஜியம், இத்தாலி, ஹங்கேரி என்று பந்தயங்கள். எங்கள் நாட்டுக்கென்று ஓர் அணி இல்லாததால் இங்கிலாந்துக் கொடியின் கீழேதான் நின்றேன். அதில் ஒரு கூச்சம் எப்போதும் உண்டு. ஆனால் முகமூடியை இறக்கிவிட்டால் கறுப்பும் வெள்ளையும் தெரியாது.

இந்த ஆட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். விரிப்பின் நான்கு மூலைகளிலும் நான்கு நடுவர்கள் நிற்பார்கள், நடுவில் ஒரு தலைமை நடுவர். எது பட்டது, எது படவில்லை என்று அவர்கள் ஐந்து பேரும் கூடித் தீர்மானிப்பார்கள். ஆனால் சேபர் வெட்டு கண்ணுக்குப் பிடிபடாத வேகம். பாதி அடிகள் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் பட்டவனே சொல்ல வேண்டும். நடுவர் கண்டாலும் காணாவிட்டாலும், அவன் ஆட்டத்தை நிறுத்தி, வாள் பிடிக்காத இடது கையை உயர்த்தி, பட்டது என்று சொல்வான். சட்டத்தில் எழுதப்பட்டது அல்ல. சொல்லாதவனோடு யாரும் ஆட மாட்டார்கள், அவ்வளவுதான்.

இதில் என்னை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்குவார்கள். எனக்கு அது வீட்டுப் பழக்கம். பெல்ஜியத்தில் ஒருமுறை நாலுக்கு நாலு என்று நின்றபோது எதிராளியின் முனை என் தோளில் லேசாக உரசியது. ஐந்து நடுவர்களும் காணவில்லை. நான் கையைத் தூக்கித் தோற்றேன். எதிராளி ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். எங்கள் ஊரில் யாராவது பார்த்திருந்தால் எனக்குப் பெண் கிடைத்திருக்காது. கறுப்பு மனிதனின் நேர்மை என்று ஒரு பத்திரிகை எழுதியது. புகழ்ந்தானா இகழ்ந்தானா என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அணித்தலைவர் அந்த இரவுச் சாப்பாட்டில் எழுந்து, இந்த ஆள் களத்தில் இருந்தால் நடுவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். வென்ற பதக்கங்களை எந்தப் பெட்டியில் வைத்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவர் சொன்ன அந்த வார்த்தையை மறக்கவில்லை.

சேபர்காரனின் வலது கை எப்போதும் கன்றிப்போய்த்தான் இருக்கும். முழங்கைக்கும் கையுறைக்கும் நடுவில்தான் அடி அதிகம் விழும். ஆரம்பத்தில் அழுகை வரும். வருடக் கணக்கில் அடி வாங்கி வாங்கித் தோல் தடித்துப் பழகிவிடும் என்று மூத்த ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அங்கே இருந்த கடைசி வருடத்தில் எனக்கும் அந்த இடத்தில் வலி தெரியாமல் போயிற்று. வெளிப்புறம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தேமல் போல நிறம் வெளுத்திருந்தது. வெயில் காணாத நாட்டில் தோல் வெளுக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். வலி தெரியாததில் எனக்குப் பெருமைதான். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கையை நீட்டி, அடித்துப் பார் என்பேன். அவர்கள் அடித்துப் பார்த்து வியப்பார்கள். நான் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஹங்கேரியில் அணிப் பந்தயம். சேபரில் அவர்களை வெல்ல முடியாது என்பது ஊர் அறிந்த விஷயம். அன்று எப்படியோ இரு அணிகளும் சமமாக வந்து நின்றன. கடைசி ஆட்டம் என்னுடையது. இரண்டுக்கு இரண்டு என்று இருந்தபோது எதிராளி என் கையை நோக்கி வெட்டினான். சத்தம் கேட்டது. வாளோடு வாள் மோதிய சத்தம் என்றுதான் நினைத்தேன். இரண்டு நடுவர்கள் சந்தேகம் என்றார்கள். தலைமை நடுவர் என் முகத்தைப் பார்த்தார். என் பெயருக்கு அவ்வளவு மதிப்பு. நான் இல்லை என்று தலையசைத்தேன். நாலுக்கு நாலில் மறுபடியும் அதே வெட்டு, அதே சத்தம், அதே பார்வை. மறுபடியும் தலையசைத்தேன். எதிராளி வாளைத் தாழ்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தபடி நின்றான். கூட்டத்தில் சீழ்க்கை அடித்தார்கள். அடுத்த மோதலில் அவன் தலையில் அடித்து நான் வென்றேன். யாரும் கைதட்டவில்லை.

உடை மாற்றும் அறைக்கு அணித்தலைவர் தனியாக வந்தார். கோட்டைக் கழற்றச் சொன்னார். என் வலது கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். முழங்கைக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடிப்புகள், அப்போதுதான் சிவந்து எழும்பிக்கொண்டிருந்தன. இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். ஒரு குழந்தைகூட இதை உணர்ந்திருக்கும் என்றார் அவர். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார். திரும்பும் ரயிலில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

அடுத்த கப்பலில் ஊர் வந்து சேர்ந்தேன். அம்மா நான் அங்கே இருக்கும்போதே காலமாகிவிட்டிருந்தாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை காத்திருந்தது. பிள்ளைகள் எனக்கு வாள் சார் என்று பெயர் வைத்தார்கள். தோவாளையிலிருந்து மாலை வாங்கிவந்து, அப்பாவே ஜெபம் பண்ணி எனக்குக் கல்யாணமும் முடித்து வைத்தார்.

மனைவி மிஷன் லேஸ் கூடத்தில் வேலை பார்த்தவள். மடியில் உருளைத் திண்டை வைத்துக்கொண்டு, நூறு குண்டூசிகளுக்கு நடுவே நூலை மாற்றி மாற்றிப் போட்டு, வெள்ளைக்காரிகளின் கழுத்துக்குப் பூவேலை செய்கிற கை. ஒரு ஊசி இடம் மாறி நின்றாலும் முழுவதையும் பிரித்துவிடுவாள். அவளிடம் மழுப்பல் செல்லாது. பெட்டியைத் திறந்து இரண்டு வாள்களையும் இரண்டு முகமூடிகளையும் பார்த்துவிட்டு, இதை யாரோடு ஆடுவீர்கள் என்று கேட்டாள். ஆள் இல்லை என்றேன். அப்படியானால் என்னிடம் ஒன்றைக் கொடுங்கள் என்றாள்.

எனக்கு ஆள் தேவையாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் ஒரு பெரிய பந்தயம் வர இருந்தது. அதில் எந்த அணியிலும் சேராமல் தனியாகவும் பெயர் கொடுக்கலாம். அணித்தலைவரும் வருவார், அந்த ஹங்கேரிக்காரனும் வருவான். அவர்கள் கண்முன்னே ஒவ்வொரு அடிக்கும் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், தோற்றாலும் பரவாயில்லை, என் பெயரை அங்கேயே போய் எடுத்துக்கொண்டு வர வேண்டும். வேறு எதையும் நான் நினைக்கவில்லை. பள்ளியில் பின்னம் சொல்லிக்கொடுக்கும்போதும் அதே நினைப்புத்தான்.

வீட்டுக்குப் பின்னால், ஓலை வேலிக்குள், நெல் காயவைக்கிற தரையில் ஆடினோம். சேலையை வரிந்து கட்டி, அதன்மேல் என் பழைய கோட்டைப் போட்டுக்கொள்வாள். வேலிக்கு அப்புறம் நின்று பார்த்த பக்கத்து வீட்டுக்காரிகள், போதகர் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சாயங்காலம் ஜெபத்துக்கு முன்னால் அடித்துக்கொள்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். நான்கு மாதத்தில் அவள் என்னைத் தொட ஆரம்பித்தாள். பட்டால் சொல்ல வேண்டும் என்ற முறையைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவளும் தப்பாமல் சொன்னாள்.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே வாளை இறக்கிவிட்டு நின்றாள்.

"பட்டுது," என்றாள்.

"படல்ல."

"அடிச்சவ நான். எனக்க கைக்குத் தெரியாதா? உங்களுக்க கையில நல்லாவே பட்டுது."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. முகமூடியைக் கழற்றித் தரையில் எறிந்தேன். சீமையில் கேட்ட வார்த்தையை எனக்கு வாழ்க்கைப்பட்டவளிடமும் கேட்க வேண்டுமா என்று கத்தினேன். என்ன வார்த்தை என்று கேட்டாள். அதுவரை யாரிடமும் சொல்லாத ஹங்கேரிக் கதையை அன்றுதான் அவளிடம் முழுவதும் சொன்னேன். அந்தத் தடிப்புகள் எந்த இடத்தில் இருந்தன என்று மட்டும் கேட்டாள். காட்டினேன்.

மறுநாள் ஆடும்போது நடுவில் நிறுத்தி, பட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்போது கோட்டின் கையைப் பார்க்கச் சொன்னாள். வெள்ளைக் கித்தானில் முழங்கைக்குக் கீழே நேராக ஒரு நீலக்கோடு. துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்துத் தன் வாளில் பூசிவைத்திருக்கிறாள். கம்பு விளையாட்டுக்காரர்கள் நுனியில் சாயம் தோய்த்து ஆடுவதை எங்கேயோ பார்த்திருக்கிறாள்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷம்தான். நான் பொய் சொல்லவில்லை. உணராததைத்தான் உணரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். இதோ அத்தாட்சி. சத்தம் போட்டுச் சிரித்தேன். பார்த்தாயா என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் கோட்டுக் கையை மேலே சுருட்டினாள். தன் கோட்டைத் திறந்து, ரவிக்கையில் எப்போதும் செருகியிருக்கும் லேஸ் ஊசி ஒன்றை எடுத்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வலிக்கா?" என்று கேட்டாள்.

"குத்து, பாப்பம்," என்றேன்.

"குத்தியாச்சு."

குனிந்து பார்த்தேன். வெளுத்த தோலில் ஊசி நட்டுக்கொண்டு நின்றது.

எங்கள் பக்கத்தில் இதற்குப் படித்தவர் விளக்கம் தேவையில்லை. சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் விரல் மழுங்கிய கைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் எல்லாரும். அவள் ஊசியைப் பிடுங்கி, அந்த இடத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். கையை விடவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே நம்மூர்க்காரர் ஒருவர்தான் டாக்டர். கோழி இறகு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கண்ண அடச்சிக்கிடும். தொட்டா, தொட்ட எடத்த மத்த கை விரலால காட்டும்," என்றார்.

கண்ணை மூடினேன். தோளில் தொட்டார், காட்டினேன். உள்ளங்கையில் தொட்டார், காட்டினேன். பிறகு ஒன்றும் இல்லை. வெளியே ஒரு வண்டிமாட்டின் மணி கேட்டது. பக்கத்தில் நின்ற மனைவியின் மூச்சு கேட்டது. அந்த மூச்சு சீராக வந்துகொண்டிருந்து திடீரென்று நின்றது. பிறகு வந்தது. மறுபடியும் நின்றது. எனக்கு விளங்கிவிட்டது. இறகு என் மேல் படுகிறபோதெல்லாம் அவள் மூச்சைப் பிடிக்கிறாள். இடமும் எனக்குத் தெரிந்த இடம்தான். அடுத்த முறை மூச்சு நிற்கும்போது விரலை எடுத்து அங்கே வைத்தால் போதும். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எண்ணெய் தேய்க்கச் சொல்லி அனுப்பிவிடுவார். பள்ளிக்கூடம் இருக்கும், வீடு இருக்கும், அடுத்த வருடம் கப்பலும் இருக்கும். என் இடது கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியதுகூட உண்மை. உணராத அடியை உணர்ந்தேன் என்று சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. மூச்சு மறுபடியும் நின்றது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குஷ்டம் என்றார். ஆரம்பம்தான், நரம்போடு நிற்கிற வகை, அவ்வளவாகப் பரவாது, வாரம் தவறாமல் ஊசி போட்டுக்கொண்டால் அடக்கிவிடலாம் என்றார். பேச்சிப்பாறைக்கு மேலே காட்டில் கிடைக்கும் மரோட்டிக் காயின் எண்ணெய்தான் மருந்து. முதல் ஊசியை அன்றே தொடையில் போட்டார். உயிர் போகிற வலி. வலித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. முழுக்கை சட்டை போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்றும், தான் வெளியே சொல்லப்போவதில்லை என்றும் சொல்லி அனுப்பினார்.

திரும்பும் வண்டியில் நான் யோசித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் மனம் தெளிந்துவிட்டது. அணித்தலைவருக்கு எழுதிவிடுவது. இன்ன வியாதி, அதனால்தான் உணரவில்லை, டாக்டரே அத்தாட்சி. அவர் வெட்கப்படுவார். என் பெயர் எனக்குத் திரும்பிவிடும். அவர் இருப்பது ஏழு கடலுக்கு அப்பால். அங்கே தெரிவதால் இங்கே ஒரு நஷ்டமும் இல்லை. இங்கே முழுக்கை சட்டை. இதை அவளிடம் சொன்னேன், கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அங்க உள்ளவங்களுக்கு ஒரு நியாயம், இங்க உங்களுக்க பக்கத்துல இருந்து கணக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வேற நியாயமா?" என்றாள். "சொல்லுததுண்ணா மொதல்ல இங்க சொல்லுங்க. பொறவு சீமைக்கு எழுதலாம்."

இங்கே சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றாள். ஞாயிறு பள்ளியில் சின்ன வயதில் கேட்டது எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் குஷ்டரோகி ஊருக்குள் வந்தால் தன் நிலையைத் தானே கூவிச் சொல்லிக்கொண்டு வர வேண்டுமாம். அப்போது அது கொடுமையாகத் தோன்றியது. இப்போதும் கொடுமையாகத்தான் தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் திருவிருந்து ஞாயிறு வந்தது. எங்கள் சபையில் திராட்சரசம் எல்லாருக்கும் ஒரே கிண்ணத்தில்தான். வரிசையாகப் போய் முழங்காலிட வேண்டும். போதகர் ஒவ்வொருவர் உதட்டிலும் கிண்ணத்தை வைத்து எடுப்பார். எல்லாரும் குடித்த பிறகு மிச்சத்தைப் போதகரே குடித்துக் கவிழ்ப்பார். அன்று என் வரிசை எழுந்து போனது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒருவன் திருவிருந்துக்குப் போகாமல் உட்கார்ந்தால் அவனிடம் மறைவான பாவம் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். போதகர் மகனே உட்கார்ந்தால் கேட்க வேண்டுமா. தலைகள் திரும்பின. அப்பா கிண்ணத்தை ஏந்தியபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

எழுந்தேன். என்னை அறியாமல் இடது கை மேலே போயிருந்தது.

"எனக்கு குஷ்டம் வந்திருக்கு, வலது கையில," என்றேன். "டாக்டர் பாத்துச் சொல்லியாச்சு. இந்தக் கிண்ணத்துல நான் குடிக்கப்படாது."

அதற்குப் பிறகு வந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி வேலை அந்த வாரமே போயிற்று. போகச் சொன்னவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். பால்காரி வேலிக்கு வெளியே பாத்திரத்தை வைக்கச் சொன்னாள். மனைவியின் லேஸை வாங்க மாட்டோம் என்று கூடத்தில் சொல்லிவிட்டதால் அவள் திண்டும் ஊசிகளும் பரணுக்குப் போயின. அன்று அவள் என்னிடம் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று டாக்டர் கூப்பிட்டார். இன்றும் அந்த வேலைதான். மரோட்டி எண்ணெயில் நோய் அடங்கி நிற்கிறது. அந்த இடத்தில் உணர்வு திரும்பவில்லை. இப்போதும் சில சாயங்காலங்களில் நாங்கள் ஆடுகிறோம். அந்தக் கையில் பட்டால் அவள் சொல்கிறாள், நான் கையைத் தூக்குகிறேன். சீமைக்கு எழுதினேன். அன்றைய ஆட்டத்தில் அந்த இரண்டு அடிகளும் பட்டவைதான், வெற்றியை ஹங்கேரிக்காரர்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் எழுதினேன். வியாதியை எழுதவில்லை. மனைவி ஏன் என்று கேட்டாள். அடி பட்டவன் கையைத்தான் தூக்க வேண்டும், காரணம் சொல்கிற வழக்கம் இந்த ஆட்டத்தில் இல்லை என்றேன். ஆகவே அங்கே நான் இன்னும் பொய்யன்தான், பிந்தி ஒப்புக்கொண்ட பொய்யன். அது முன்போல என்னைத் தூங்கவிடாமல் செய்வதில்லை. அதற்குக் காரணம் அந்த ஞாயிறு.

அன்று நான் சொல்லி முடித்ததும் என் பெஞ்சில் மிச்சம் இருந்தவர்கள் நகர்ந்து போனார்கள். பெண்கள் பக்கத்தில் மனைவி எழுந்து நின்றாள். அவள் நின்றது எனக்குத் தெரிந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. நான் அப்பாவைத்தான் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தலையை ஒருமுறை அசைத்தார். வீட்டில் ஜெபத்துக்குப் பிறகு அசைக்கிற அதே அசைப்பு. பிறகு காத்திருந்த வரிசையின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து கிண்ணத்தைக் கொடுத்துக்கொண்டு போனார். ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லாரும் குடித்து முடித்துப் போய் உட்கார்ந்தார்கள்.

அப்பா கிண்ணத்தை மேசையில் வைக்கவில்லை. படி இறங்கி, நடுவழியாக நடந்து, நான் நின்ற பெஞ்சுக்கு வந்தார். வேண்டாம் அப்பா என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. மற்றவர்களுக்குச் சொன்ன வார்த்தைகளையே எனக்கும் முழுதாகச் சொல்லி, கிண்ணத்தை என் உதட்டில் வைத்தார். குடித்தேன். நான் குடித்த இடத்தை அவர் துடைக்கவில்லை, கிண்ணத்தைத் திருப்பவும் இல்லை. சபை பார்த்துக்கொண்டிருக்க, அங்கேயே நின்று, மிச்சத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு ஆராதனையை முடித்து வைத்தார். நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.